இணைப்பு ஏழு

புதுக்கடையில், நீதிமன்ற வாசலுக்கு எதிரே,
போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடி.
மின்விசிறிக்குப் பறக்காமல் தாள்களின் மேல் கருங்கல்.
நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
ஒரு முத்திரை இருக்கிறது,
வங்கி இனாமாய்த் தந்த நாட்காட்டி இருக்கிறது.
நூற்றெண்பதாம் நாளுக்கு நான் போட்ட வட்டம்
போன வருடத் தாளோடு கிழிந்து போயிற்று.

தீர்ப்பு எங்கள் பக்கம்தான்.
ஜெனீவாவில் மேசையைச் சுற்றி இருந்து எழுதியிருக்கிறார்கள்:
இதயசீலனுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை.
அவனுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதி
அவனிடம் கையொப்பம் வாங்கியது ஒப்புதல் ஆகாது.
மறுவிசாரணை, அல்லது விடுதலை. நட்டஈடு.
இதை நாட்டின் மொழிகளில் அரசு பிரசுரிக்க வேண்டும்,
பரவலாக.

அது ஆங்கிலத்தில் வந்தது.
சிங்களத்தில் குற்றம்,
ஆங்கிலத்தில் நீதி.

ஒரு போயா விடுமுறையில் நானே தமிழாக்கினேன்.
சட்டத்தரணி பஸ்லியா மிஸ்
கூலிக்குப் பதில் மாலுபாண் வாங்கித் தந்தா.

வெலிக்கடையில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம்,
விரலை வைத்து வைத்து வாசித்தான்.
ஒரு சொல்லில் விரல் நின்றது.
"பரிகாரம் எண்டு போட்டிருக்கு, மிஸ்.
அக்கா எனக்காகச் சனிக்கிழமையில எள்ளெண்ணெய் எரிக்கிறவ.
அந்தப் பரிகாரமோ?"
இது அரசு செய்ய வேண்டியது என்றேன்.
"ஏழரைச் சனியெண்டாலும் ஏழரையில விட்டிடும்."
அவனுக்கு அது பதினான்காவது வருடம்.
சிரித்துவிட்டோம்.
என்ன பகிடி என்று காவலர் சிங்களத்தில் கேட்டார்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
தனக்கு எத்தனை வருடம் பாக்கி என்று
எண்ணிப் பார்த்தார் போல.

அரசின் பதில் பதினாறாம் மாதம் வந்தது. ஒன்றரைப் பக்கம்.
செலுத்தப்படுகிறது, பரிசீலிக்கப்படும், எடுக்கப்பட்டுள்ளன.
செயப்பாட்டு வினைக்குள் போய்ப் பார்த்தவளுக்குத் தெரியும்,
நாற்காலிகள் இருக்கும்,
மேசை துடைத்திருக்கும்,
ஆள் இருக்காது.
மூன்றாம் பந்தியில் மட்டும் ஒரு விலாசம்:
தீர்ப்பு, அமைச்சின் அறிவித்தல் பலகையில்
பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

பார்க்கப் போனேன்.
ஓட்டோக்காரர் மீற்றர் போடவில்லை.
வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்து,
பையைக் கவிழ்த்துக் காட்டி,
எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம்
பலகை பார்க்க என்று சொல்லி.

கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு.
நலன்புரிச் சங்கத் தெரிவு.
டெங்கு ஒழிப்பு, பெரிதாக்கிய நுளம்பு.
யாரோ ஒருவருடைய குடை.
நடுவில் வெறும் பச்சைத்துணி, நான்கு ஊசித்துளைகள்.
வைத்து எடுத்தார்களா,
வைக்கவென்று குத்திப் பார்த்தார்களா?
துளைகளும் தெரியப் படமெடுத்தேன்,
வேண்டாம் என்று காவலர் எழும்புவதற்கிடையில்.

அதுதான் இணைப்பு ஏழு.

நேற்று ஜெனீவாவிலிருந்து கடிதம்.
பதில் வந்தது, செயல் வரவில்லை:
அதற்கென்று ஒரு தரக்குறி வைத்திருக்கிறார்கள். சி.
உரையாடல் தொடர்கிறது.
மேலும், இணைப்பு ஏழில் காணப்படும் அறிவித்தல்களின்
மொழிபெயர்ப்பைத் தயவுசெய்து அனுப்பவும்.

அனைத்தையும்.

மழை. கீழே கடை பூட்டிவிட்டார்கள்.
நுளம்பை முதலில் முடித்தேன், அது இலகு.
சங்கத்தின் பொருளாளருக்குப் போட்டி இல்லையாம்.
பிறகு குடை. கறுப்பு, மரக் கைபிடி,
இரண்டாம் மாடியில் வைத்துக் காணாமற்போனது.
காணாமற்போன என்பதற்கு
ஆங்கிலத்தில் என்னிடம் இரண்டு சொற்கள் உண்டு.
குடைக்கு உரியதைப் போட்டேன்.

படத்தைப் பெருப்பித்தால்
அதன் கீழே நீலப் பேனையில் ஒரு வரி:
கிடைத்தது, நன்றி.
திகதியும் இருக்கிறது.
மூன்றே நாள்.

மூலத்துக்கு அமைவானது என்று எழுதி
முத்திரையை ஊதி ஊதிக்
குத்தினேன்.